இறகு ஷட்டில் வாங்கும் முன்: கோலாலம்பூர் பூப்பந்து நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை

எங்கள் குழுவுக்கு ஷட்டில் வாங்குவது என் பொறுப்பு. அதனாலேயே செந்தூல், ஜாலான் ஈப்போ, கெப்போங் பக்கம் விளையாடும் பலர் ஒரே சந்தேகங்களை வாட்சாப்பில் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும். கீழே கணக்கில் வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே.

அண்ணே, பிளாஸ்டிக் ஷட்டில் ஒரு டப்பா வாங்கினா ஒரு மாசம் ஓடுது. இறகுக்கு ஏன் காசைக் கொட்டணும்?

கொட்டத் தேவையில்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. கொண்டோ கோர்ட்டில் பிள்ளைகளோடு விளையாடுபவர், இப்போதுதான் மட்டை பிடித்தவர், காற்றடிக்கும் திறந்தவெளியில் ஆடுபவர் எல்லாருக்கும் நீங்கள் சொல்லும் பிளாஸ்டிக், அதாவது நைலான் ஷட்டில் போதும். யோனெக்ஸ் மேவிஸ் போன்றவற்றில் கார்க்கைச் சுற்றி ஒரு வண்ணப் பட்டை இருக்கும்: பச்சை மெதுவானது, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகமானது. நம் ஊர் வெக்கைக்குப் பச்சை சரி.

வித்தியாசம் பறக்கும் விதத்தில் இருக்கிறது. இறகு ஷட்டில் மட்டையிலிருந்து கிளம்பும்போது பயங்கர வேகம், பிறகு சட்டென்று வேகம் இழந்து செங்குத்தாக இறங்கும். 2013இல் நம் மலேசிய இரட்டையர் ஆட்டக்காரர் டான் பூன் ஹியோங் ஒரு சோதனையில் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 493 கிலோமீட்டர். அது மட்டையை விட்ட கணத்தின் வேகம். எதிராளியிடம் வந்து சேரும்போது அதில் சிறு பங்குதான் மிஞ்சும். நைலான் அப்படி வேகம் இழக்காது, தட்டையாக நீண்டுகொண்டே போகும். ஓங்கி அடித்தால் அதன் பாவாடை, அதாவது விரிந்த மேல்பகுதி, நசுங்கி, விரிய நேரம் எடுக்கும். வலையோரம் புரளவிடும் ஆட்டம் அதில் சரியாக வராது. டிராப் (வலைக்கு அருகே மெல்ல விழவைப்பது), நெட் (வலையோர ஆட்டம்), உயரமான கிளியர் (பின்கோடு வரை தூக்கி அடிப்பது) எல்லாம் உங்கள் ஆட்டத்தில் வரத் தொடங்கிவிட்டால் இறகுக்கு மாறலாம்.

கூஸ் இறகு, வாத்து இறகுன்னு கடைக்காரர் சொல்றாரு. பார்த்தா ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?

டியூபுக்குள் இருக்கும்போது ஒன்றுபோலத்தான் தெரியும். வெளியே எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தால் தெரிந்துவிடும். கூஸ் (பெருவாத்து) இறகின் தண்டு தடிமனாக, நேராக இருக்கும். இறகும் அகலமாக, நல்ல வெள்ளையாக இருக்கும். வாத்து இறகின் தண்டு மெலிது, சில சமயம் லேசான மஞ்சள். ஆனால் வெள்ளையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், வெளுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஒரு ஷட்டிலில் 16 இறகுகள். பதினாறும் பறவையின் ஒரே பக்கச் சிறகிலிருந்து வரவேண்டும், அப்போதுதான் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து, ஷட்டில் சீராகச் சுழன்று போகும். கூஸ் ரகம் அடி தாங்கும், பாதை பிசகாது. வாத்து ரகம் மலிவு, சீக்கிரம் முறியும். வாத்திலும் நல்ல ரகம் உண்டு, கூஸிலும் கழிசடை உண்டு. பெயரைவிடத் தண்டின் தடிமனை நம்புங்கள்.

டியூப் மூடியில ஒரு கம்பெனி 76, 77ன்னு போடுறான், இன்னொருத்தன் 2, 3ன்னு போடுறான். நம்ம ஊருக்கு எது?

76, 77 என்பது எடைக் கணக்கில் வந்தது. கிரெய்ன் என்ற பழைய அளவையில் 77 என்றால் ஏறத்தாழ 4.99 கிராம், 75 என்றால் 4.86 கிராம். எண் கூடினால் ஷட்டில் வேகமாக, தூரமாகப் போகும். யோனெக்ஸ் 1 முதல் 5 வரை எண் போடுகிறது. அதில் 1 என்றால் 75க்கு நிகர், 2 என்றால் 76, 3 என்றால் 77. ஓர் எண் வித்தியாசத்துக்கு விழும் இடம் ஓர் அடி போலத் தள்ளும்.

சூடான காற்று லேசானது, ஷட்டிலை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் வெயில் ஊரில் மெதுவான ஷட்டில்தான் வேண்டும். கூரைக்குக் கீழே விசிறி மட்டும் சுற்றும் தொழிற்பேட்டை கோர்ட்டுகளில், அதுவும் பகல் மூன்று மணிக்கு ஆடினால், 75 அல்லது 76. ஏர்கோன் போட்ட ஹாலில் 77 சரிப்படும். எங்கள் குழு இரவு எட்டு மணிக்கு ஏர்கோன் இல்லாத ஹாலில் ஆடுகிறது, 76தான் எங்களுக்குத் தோது. கடையில் 77 மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை வாங்கி இரண்டு மணி நேரம் பின்கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டிருப்பதைவிட அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

வேகம் சரியான்னு எப்படிச் சோதிக்கிறது?

விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக முழு வீச்சில், ஓரக்கோட்டுக்கு இணையாக அடிக்க வேண்டும். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு முன்னால் 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990க்கு மிகாமலும் விழுந்தால் வேகம் சரி. சில கோர்ட்டுகளில் ஒற்றையர் ஓரக்கோட்டை ஒட்டிப் பின்பக்கம் சின்னச் சதுரக் குறிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அவை இதற்குத்தான். டியூபிலிருந்து ஒன்றை மட்டும் அடித்து முடிவு செய்யாமல் இரண்டு மூன்று அடித்துப் பாருங்கள், இரண்டு பக்கத்திலிருந்தும். விசிறிக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும் ஹால்கள் நிறைய.

நாங்க ஆபீஸ் ஆளுங்க, வாரத்துக்கு ஒரு நாள் டபுள்ஸ். எந்த ரகம் வாங்கினா கட்டும்?

எல்லாரும் டியூப் விலையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு கேமுக்கு என்ன செலவாகிறது என்பதை. ஒரு கணக்குப் போடுவோம். மலிவு டியூப் 66 வெள்ளி (ரிங்கிட்), 12 ஷட்டில், ஒன்று 5 வெள்ளி 50 காசு. நல்ல டியூப் 96 வெள்ளி, ஒன்று 8 வெள்ளி. ஓரளவு சுத்தமாக அடிக்கும் நால்வர் மலிவு ஷட்டிலை ஒரு கேமில் முடித்துவிடுகிறார்கள், நல்லது இரண்டு கேம் தாங்குகிறது என்று வையுங்கள். முதலாவதில் கேமுக்கு 5.50, இரண்டாவதில் 4 வெள்ளி. ஒரு இரவில் எட்டு கேம் ஆடினால் 44 வெள்ளிக்கும் 32 வெள்ளிக்கும் உள்ள வித்தியாசம். விலை கூடியதுதான் மலிவாக முடிகிறது.

இதே கணக்கு புதியவர்களிடம் தலைகீழாகும். இறகை முறிப்பது பெரும்பாலும் பலம் இல்லை, தவறான இடத்தில் படும் அடி. மட்டையின் சட்டத்தில் பட்டது, தாமதமாகப் போய் இறகின் பக்கவாட்டில் வெட்டியது, இப்படித்தான் தண்டு முறிகிறது. அப்படி அடிப்பவர் கையில் 8 வெள்ளி ஷட்டிலும் ஒரே கேமில் போய்விடும். அவருக்கு மலிவு ரகமே லாபம்.

ஆகவே ஆள் பார்த்து வாங்க வேண்டும். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு நைலான், அல்லது கீழே சொல்லும் கலப்பு ரகம். வாரம் ஒரு நாள் ஆடும், ரேலி ஓரளவு நீளும் உங்களைப் போன்ற குழுவுக்கு நடுத்தர ரகம்: நல்ல வாத்து, அல்லது கூஸில் இரண்டாம் தரம். யோனெக்ஸின் இறகு வரிசையான ஏரோசென்சாவில் 50 உச்சம். 40, 30, 20 என்று எண் இறங்க இறங்க ரகமும் விலையும் இறங்கும். ஆர்.எஸ்.எல், விக்டர், லி-நிங் எல்லாவற்றிலும் இப்படிப் படிகள் உண்டு. வாரம் மூன்று நான்கு நாள் ஆடி, கிளப் லீக்கில் கலந்துகொள்பவர்கள் நடுவிலிருந்து ஒரு படி மேலே போகலாம். உச்ச ரகத்தைப் பயிற்சிக்கு வாங்குவது என் பார்வையில் வீண்.

முடிவு எடுக்கும் முன் இரண்டு ரகத்தில் ஒவ்வொரு டியூப் வாங்கி, எத்தனை கேம் வந்தது என்று மூடியிலேயே மார்க்கரால் கோடு போட்டு வாருங்கள். அந்தக் கோடுகளை எண்ணினால் யார் பரிந்துரையும் தேவைப்படாது.

எங்க குரூப்புல ஒருத்தர் மட்டும் உடைச்சுத் தள்ளுறாரு. காசை எப்படிப் பிரிக்கிறது?

கோர்ட் வாடகையையும் ஷட்டிலையும் சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று போட்டுவிடுங்கள். உடைத்தவன் கொடு என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் ஆள் வராது. தோற்ற ஜோடி ஷட்டில் காசு கொடுப்பது சில குழுக்களில் வழக்கம். நட்பு கெட்டியாக இருந்தால் செய்யலாம்.

கார்க்கை அழுத்திப் பாருங்கன்னு ஒரு பெரியவர் சொன்னாரு. என்னத்தைப் பார்க்கிறது?

பெரியவர் சொன்னது சரி. முழுத் துண்டு இயற்கைக் கார்க் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கி உடனே திரும்பும். அடுத்த படியில், மட்டை படும் முனையில் இயற்கைக் கார்க்கும் இறகு செருகும் பக்கம் துகள்களைச் சேர்த்து அழுத்திய கார்க்கும் ஒட்டியிருப்பார்கள். நடுத்தர ரகங்களில் இதுதான் அதிகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் படி செயற்கை நுரை. அது கையில் பஞ்சு மாதிரி அமுங்கும் அல்லது கல் மாதிரி இருக்கும், கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சப்பையாகி ஷட்டில் தள்ளாடும்.

டியூபைத் திறந்தவுடன் இன்னும் இரண்டைப் பாருங்கள். இறகுகளைக் கட்டும் இரண்டு வரிசை நூலின் மேல் பசை எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பூசியிருக்கிறதா? மேல்வாய் வட்டமாக இருக்கிறதா, எங்காவது ஓர் இறகு வெளியே துருத்துகிறதா? விதிப்படி அந்த வட்டம் 58 முதல் 68 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். அளவுகோல் கொண்டு போக வேண்டாம், கண்ணே சொல்லிவிடும்.

சார், என் மகன் தமிழ்ப்பள்ளியில நாலாம் ஆண்டு. கோச் இறகு ஷட்டில்தான் வேணும்ங்கிறாரு. மாசம் தாங்கல. நைலான் வாங்கிக் கொடுத்தா ஆட்டம் கெட்டுடுமா?

கெடாது, ஆனால் கோச் சொல்வதிலும் நியாயம் உண்டு. நைலானிலேயே பழகிய பிள்ளை போட்டியில் இறகைச் சந்திக்கும்போது நேரம் தவறும். ஷட்டில் எதிர்பார்த்ததைவிட முன்னாலேயே விழும். அதனால் இரண்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சர்வீஸ், சுவரில் அடிப்பது, தாத்தாவோடு விளையாடுவது எல்லாம் நைலான். பயிற்சிக்குப் போகும் நாள் மட்டும் இறகு.

அதிலும் காசு மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது. ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பழகும்போது புதுசு தேவையில்லை. பெரியவர்கள் ஆடி முடித்த, ஒன்றிரண்டு இறகு ஓரம் கிழிந்த ஷட்டில்கள் போதும். இரவு பத்து மணிக்கு எந்த ஹாலுக்குப் போனாலும் குப்பைத் தொட்டியோரம் குவிந்து கிடக்கும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் கடையில் விலையும் இறங்கும்.

கலப்பு ஷட்டில்னு ஒண்ணு வந்திருக்கே, கீழ கார்பன், மேல இறகு. நல்லா இருக்கா?

வலிமை வேண்டிய கீழ்ப்பகுதியில் பிளாஸ்டிக் அல்லது கார்பன் தண்டு, மேலே ஒட்டியிருப்பது உண்மையான இறகு. முறியும் இடம் பெரும்பாலும் தண்டுதான் என்பதால் ஆயுள் கூடுகிறது. பறப்பது நைலானைவிட இறகுக்கே நெருக்கம். வலையோரத்தில் மட்டும் கொஞ்சம் விறைப்பு, புரள்வது குறைவு. ஆபீஸ் குழுக்களுக்கும் பிள்ளைகளின் பயிற்சிக்கும் நான் தயங்காமல் சொல்வேன். ஒரு டியூப் வாங்கி மேலே சொன்ன மூடிக்கோடு சோதனையைச் செய்து பாருங்கள்.

முழுச் செயற்கை இறகு வேறு கதை. நம் கோலாலம்பூரிலேயே தலைமையகம் வைத்திருக்கும் உலக பூப்பந்து சம்மேளனம் 2021 முதல் அதையும் போட்டிகளில் அனுமதிக்கலாம் என்று வழிவிட்டது. ஆனாலும் பெரிய போட்டிகளில் இன்றும் பார்ப்பது இயற்கை இறகுதான்.

விலை ஏன் ஏறிக்கிட்டே போகுது? கடைக்காரங்க ஏமாத்துறாங்களா?

கடைக்காரர்களைத் திட்டிப் பயனில்லை. இறகுக்காக மட்டும் யாரும் வாத்து வளர்ப்பதில்லை. இறைச்சிக்கு வளர்க்கிறார்கள், இறகு கூடவே வருகிறது. மிகப் பெரும்பாலான இறகு சீனாவிலிருந்து வருகிறது. அங்கே வாத்து, கூஸ் இறைச்சிக்குக் கிராக்கி குறைந்து, பண்ணைகளில் பறவைகள் குறைந்தபோது இறகும் குறைந்துவிட்டது. விளையாடுபவர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். அதிலும் ஒரு பறவையின் சிறகில் ஷட்டிலுக்குத் தேறுவது சில இறகுகள்தான். பதினாறும் ஒரே பக்கச் சிறகு என்று முன்பே சொன்னேன், எத்தனை பறவை வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைன்ல பாதி விலைக்குப் போடுறான். வாங்கலாமா?

பெயர் பெற்ற ரகம் பாதி விலை என்றால் வேண்டாம். போலி டியூபும் மூடியும் அச்சு அசலாக வருகின்றன. பெயர் இல்லாத புது ரகம் என்றால் ஒரே ஒரு டியூப் வாங்கிப் பாருங்கள். பத்து டியூபுக்குத் தள்ளுபடி என்ற ஆசையில் முதல் தடவையே மொத்தமாக எடுக்காதீர்கள்.

ஆவி காட்டினா நிறைய நாள் வரும்னு சொல்றாங்க. நம்ம ஊர்லயே இவ்வளவு ஈரப்பதம் இருக்கே, தேவையா?

நல்ல கேள்வி. ஆவி காட்டுவது காய்ந்த இறகுக்கு ஈரம் ஏற்றத்தான். காய்ந்த இறகு சட்டென்று முறியும். குளிர்நாடுகளில் இது அவசியம். இங்கே ஹாலிலும் வீட்டிலும் திறந்த அறையில் வைத்திருந்தால் பெரிதாகத் தேவைப்படாது. ஆனால் நாள் முழுக்க ஏர்கோன் ஓடும் கடையிலோ ஆபீஸிலோ மாதக்கணக்கில் கிடந்த டியூப் காய்ந்துதான் இருக்கும். அதற்குக் காட்டலாம். காரின் பின்பெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் இறகும் காயும், பசையும் கெடும்.

செய்முறை: கெட்டிலில் நீர் கொதிக்கட்டும். இறகு இருக்கும் பக்கத்து மூடியைத் திறந்து, பத்து விநாடி போல ஆவியில் பிடியுங்கள். கார்க் பக்கம் ஆவி படக் கூடாது. மூடி வைத்து மறுநாள் எடுங்கள். அதிகமாகக் காட்டினால் பசை இளகி, இறகு விரிந்து, ஷட்டில் மெதுவாகிவிடும்.

நுனியை மடக்கினா வேகம் மாறுமாமே? 77 வாங்கிட்டோம், அப்படியே சமாளிக்கலாமா?

மாறும். இறகு நுனிகளை ஒன்று விட்டு ஒன்று வெளிப்பக்கம் மடக்கினால் வேகம் குறையும், உள்ளே மடக்கினால் கூடும். நண்பர்களுக்குள் தாராளமாகச் செய்யலாம். போட்டியில் ஆட்டக்காரர் வேண்டுமென்றே ஷட்டிலை மாற்றுவது விதிமீறல், நடுவர் எச்சரிப்பார். ஒருமுறை மடக்கிய நுனி கிழிய ஆரம்பித்தால் நிற்காது, அதனால் ஆயுளும் குறையும்.

கம்பெனி ஃபேமிலி டே கேமரன் மலையில. அங்க குளிருமே, அப்போ 78 எடுத்துக்கலாமா?

இதில்தான் பலர் விழுகிறார்கள். குளிருக்கு வேகமான ஷட்டில் என்பது மேலே சொன்ன வேக எண் கணக்குப்படி சரி. ஆனால் கேமரன் மலையின் தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே. உயரத்தில் காற்று லேசாகிவிடும், குளிர் அதில் கொஞ்சத்தைத்தான் ஈடுகட்டும். 78 கொண்டுபோனால் ஒவ்வொரு கிளியரும் கோட்டுக்கு வெளியேதான். இங்கே நீங்கள் அடிப்பதைவிட மெதுவானது எடுங்கள்: 75, கிடைத்தால் 74. குடும்பங்கள் திடலில் ஆடுவதற்கு நைலான் போதும்.

கோயில் இளைஞர் குழு டோர்னமெண்ட் நடத்துறோம், 16 ஜோடி. எத்தனை டியூப் வாங்கணும் தம்பி?

நேரடி நாக் அவுட் என்றால் 15 ஆட்டம். ஆட்டத்துக்கு மூன்று என்று போட்டால் 45, அதாவது நான்கு டியூபில் அடங்கும். ஒன்று கூடுதலாக வைத்து ஐந்து. நான்கு ஜோடி கொண்ட நான்கு பிரிவாக ஆடி, பிரிவுக்கு இரண்டு ஜோடி காலிறுதிக்குப் போகும் முறை என்றால் பிரிவில் 24, அதன் பிறகு 7, மொத்தம் 31 ஆட்டம். பிரிவு ஆட்டங்கள் ஒரே கேம் என்றால் இரண்டிரண்டு, காலிறுதியிலிருந்து நான்கு நான்கு என்று கணக்கிடுங்கள்: 76 ஷட்டில், ஏழு டியூப்.

முதல் சுற்றிலிருந்து இறுதிவரை ஒரே ரகம், ஒரே வேக எண். ஒரே பெட்டியிலிருந்து வந்த டியூப்களாக இருந்தால் இன்னும் நல்லது. இறுதி ஆட்டத்துக்கு மட்டும் உசத்தி ரகம் போடும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, நாள் முழுக்கப் பழகிய கை அங்கே தடுமாறும். ஷட்டில் மாற்றுவதை நடுவர்தான் முடிவு செய்வார் என்று காலையிலேயே அறிவித்துவிடுங்கள். பாதித் தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும், முக்கியமாக ஒரு பக்கம் 19, மறுபக்கம் 18 என்று நிற்கும்போது. திறக்காத டியூபைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.